தண்ணீர் போன வழியே நடந்தால்

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள். நான் சொல்லப் போவதும் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. மரங்கள் குறைவு. முரட்டுப் புல்லும் புதரும், காலை வாங்கும் சதுப்பும், உச்சிகளில் கருங்கல் பாறைகளுமாக 950 சதுர கிலோமீட்டருக்கு அது பரந்து கிடக்கிறது. 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதன் தென்பகுதியில், தார்ச்சாலை எதுவும் எட்டாத தொலைவில், ரெட்லேக் என்று ஓர் இடம். அங்கே கூம்பு வடிவில் ஒரு மேடு நிற்கிறது. சுற்றிலும் உள்ள குன்றுகள் எல்லாம் தேய்ந்து உருண்டு கிடக்க, இது மட்டும் கூராக எழுந்து வெகுதூரத்துக்குத் தெரியும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பழைய எரிமலையா என்று கேட்பார்கள். அந்தக் காலத்து அரசன் யாரையாவது புதைத்த மேடா என்றும் கேட்பார்கள். இரண்டும் இல்லை. 1911-இலிருந்து 1932 வரை அங்கே சீனக் களிமண் எடுத்தார்கள். களிமண்ணைக் கழுவியபோது மிஞ்சிய மணல்தான் அந்த மேடு.

பக்கத்திலேயே கிரீன்ஹில் என்ற குன்று. அதில் வந்து முடிகிறது, எர்ம் ஆற்றைக் கடந்து 3.3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒற்றைக் கல்வரிசை. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒவ்வொன்றாக நட்ட கற்கள். உலகில் இத்தனை நீளமான கல்வரிசைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் பார்க்கத் தொலைதூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதே கிரீன்ஹில்லின் சரிவில் கிடக்கும் களிமண் தொட்டிகளைத் தாண்டித்தான் அவர்கள் போகிறார்கள். தொட்டிகளுக்கு வழிகாட்டி நூலில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். அந்த ஒரு வரி போதாது என்பது என் கட்சி. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் முதலில் களிமண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

கருங்கல் என்று நாம் சொல்லும் கிரானைட்டில் முக்கியமாக மூன்று பொருள்கள். கண்ணாடி போல மின்னும் குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல். தகடு தகடாக உரியும் காக்காப்பொன். மூன்றாவது, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கட்டி கட்டியாகத் தெரியும் ஃபெல்ட்ஸ்பார். டெவனையும் பக்கத்து கார்ன்வாலையும் தாங்கி நிற்கும் கிரானைட், பூமிக்கடியில் உருகிய குழம்பாக எழுந்து இறுகி ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் வெடிப்புகளில் வெந்நீரும் ஆவியும் ஏறியும், மேலிருந்து மழைநீர் இறங்கியும், சில இடங்களில் ஃபெல்ட்ஸ்பார் மட்டும் உளுத்துப்போனது. உளுத்ததில் மிஞ்சிய வெள்ளைத் தூள்தான் கயோலின், சீனக் களிமண். மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. அப்படி உளுத்த இடத்தில் பாறை பார்வைக்குப் பாறையாகவே இருக்கும். கையில் எடுத்துப் பிசைந்தால் உதிர்ந்துவிடும்.

உதிர்ந்ததில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் களிமண். அந்த ஒரு பங்கை மற்றவற்றிலிருந்து பிரிப்பது எப்படி? சல்லடை உதவாது, துகள்கள் அவ்வளவு பொடி. தண்ணீர் ஒன்றுதான் வழி. நீரில் கலக்கினால் கனமான மணல் உடனே அடியில் போய்விடும். காக்காப்பொன் கொஞ்ச நேரம் மிதந்து பிறகு படியும். களிமண் நாள்கணக்கில் பாலாகவே நிற்கும். சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குப் பாலைத் தொட்டியில் தேக்கித் தெளியவிட்டு, மேல்தண்ணீரை வடித்து, அடியில் உறைந்த மாவை வெட்டி எடுத்துக் களத்தில் காயப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் சூட்சுமத்தை நான் விளக்க வேண்டியதில்லை. தொழில் வேறு, தத்துவம் அதேதான்.

இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால், மூர் எனப்படும் அந்த மேட்டு நிலத்தில் சிதறிக் கிடக்கும் பள்ளமும் மேடும் சுவரும் பேசத் தொடங்கிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் அவை எதுவும் இல்லை. ஓர் இடிந்த சுவர், ஒரு நீளக் குழி, புல் மூடிய வரப்பு, அவ்வளவுதான். சரிவின் மேலிருந்து கீழாக, தண்ணீர் போன வழியே நடந்தால், அத்தனையும் சேர்ந்து ஒரே இயந்திரம் என்று புரியும். தொழிற்சாலைக்குக் கூரையே கிடையாது. மலைச்சரிவுதான் அதை ஓட்டிய விசை.

முதலில் வாய்க்கால். உயரத்தில் ஓர் ஓடையை மறித்து, சரிவின் விளிம்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வில் மைல் கணக்கில் வெட்டிக் கொண்டுவருவார்கள். வெள்ளீயம் எடுத்தவர்கள் நூற்றாண்டுகளாக அங்கே செய்த வேலை இது. ஆற்றுப் படுகையைத் தண்ணீர் விட்டுக் கழுவி ஈயத் தாதைப் பிரிக்கத் தெரிந்த அந்த மண்ணின் கைகள்தான் பிறகு களிமண்ணுக்கு மாறின. ஈயக்காரர்களின் பழைய வாய்க்காலையே களிமண்காரர்கள் எடுத்துக்கொண்டதும் உண்டு. அதனால் ஒரு வாய்க்காலைப் பார்த்து உடனே அதன் வயதைச் சொல்லிவிட முடியாது.

அடுத்தது குழி. மேல்மண்ணை நீக்கி, வெள்ளைச் சரிவின் உச்சியிலிருந்து தண்ணீரை ஓடவிடுவார்கள். ஆட்கள் கனமான பிக்காசால் மண்ணைக் கிளறிக் கொடுக்க, தண்ணீர் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு குழியின் அடிக்கு இறங்கும். அங்கே பெருமணல் ஒரு தொட்டியில் தங்கிவிடும். மிஞ்சிய பாலைக் குழிக்கு வெளியே ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு கிணறு, ஒரு பம்பு. பம்பை இயக்க நீர்ச்சக்கரமோ நீராவி இயந்திரமோ. இன்று குழி என்பது ஒரு குளம். பம்பு நின்ற நாளிலிருந்து மழை அதை நிரப்பிவிட்டது. சக்கரம் சுழன்ற இடத்தில், எதிரெதிரே இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே, குறுகலான ஆழமான பள்ளம் ஒன்று இருக்கும். சக்கரத்தின் ஆரத்தை அந்தப் பள்ளத்தின் நீளத்திலிருந்து கணக்குப் போட்டுவிடலாம்.

மேலே ஏற்றிய பால் நேராகத் தொட்டிக்குப் போகாது. அதில் பொடி மணலும் காக்காப்பொன்னும் இன்னும் கலந்திருக்கின்றன. இந்த இடத்தில்தான் களிமண்காரர்களின் கைத்திறனை முழுதாகப் பார்க்கலாம். கல்லாலோ மரத்தாலோ ஆன ஆழமில்லாத கால்வாய்களைப் பக்கம் பக்கமாகப் பத்து, பன்னிரண்டு என்று அமைத்தார்கள். ஒரே கால்வாயில் வேகமாக வரும் பாலை இத்தனை வழிகளில் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றிலும் ஓட்டம் தளர்ந்துவிடும். காக்காப்பொன் அடியில் படியும், களிமண் மட்டும் மேலாகப் போகும். வேகம் கொஞ்சம் கூடினால் சரக்கில் காக்காப்பொன் கலந்து மினுக்கும், விலை இறங்கும். கொஞ்சம் குறைந்தால் நல்ல களிமண்ணே கால்வாயில் படிந்து வீணாகும். சாய்வு, அகலம், ஆழம் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தி அந்த வேகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டத்தை நிறுத்தி, நீள் கைப்பிடி கொண்ட மரப்பலகையால் அடியில் படிந்ததைத் தள்ளி வெளியேற்றுவது அன்றாட வேலை. தள்ளியது பெரும்பாலும் ஓடைக்குத்தான் போனது. கார்ன்வாலில் செயின்ட் ஆஸ்டல் நகரத்து ஆறு வெள்ளை ஆறு என்றே பெயர் வாங்கியது. டார்ட்மூரின் ஓரத்தில் டோரி ஓடையும் தலைமுறை தலைமுறையாகப் பால் நிறத்தில்தான் ஓடியது. அந்த ஓடைகளில் மீன் என்ன பாடுபட்டிருக்கும் என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

இடிபாடாக இந்தக் கால்வாய்கள் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். புல்தரையில் சம இடைவெளியில் இணையாக ஓடும் தாழ்ந்த வரப்புகள். ஒரு வரப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு கஜம்கூட இருக்காது. மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் கண்ணில் படும். பழைய உழவுசால் என்று நினைக்கத் தோன்றும். தலைமாட்டில் பாலைப் பிரித்துவிட்ட குறுக்குக் கால்வாயும், கால்மாட்டில் மறுபடி ஒன்றுசேர்த்த கால்வாயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது உழவு இல்லை.

அங்கிருந்து தெளியவிடும் குழிகள். கருங்கல் சுவர் வைத்து, வட்டமாகவோ சதுரமாகவோ கட்டியவை. முன்பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை அல்லது கற்பலகை. அதில் மேலிருந்து கீழாக வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மரத் தக்கை. களிமண் படியப் படிய மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். முதலில் மேல் தக்கையைப் பிடுங்குவார்கள். தெளிந்த நீர் அந்த மட்டம் வரை வடியும். அடுத்து இரண்டாவது தக்கை. அடியில் உறைந்திருப்பதைக் கலக்காமல், விரற்கடை விரற்கடையாகத் தண்ணீரை இறக்கும் எளிய ஏற்பாடு. எந்தத் துளையில் தண்ணீர் வெள்ளையாக வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அளவுகோல், கருவி எதுவும் வேண்டாம். பார்க்கத் தெரிந்த கண் போதும். மூர்களில் பல இடங்களில் மரம் மக்கிப்போய்ச் சுவரில் வாய் பிளந்த ஓர் இடைவெளி மட்டும் மிஞ்சியிருக்கும். கற்பலகை தப்பித்த இடத்தில் அந்தத் துளைகளில் விரல் விட்டுப் பார்க்கலாம். வடித்த தண்ணீரையும் வீணாக்கவில்லை, திரும்ப வேலைக்கே கொண்டுபோனார்கள்.

குழியில் தயிர்ப் பதத்துக்கு வந்ததை இன்னும் பெரிய தொட்டிகளுக்கு விட்டு, மாதக்கணக்கில் இறுக விடுவார்கள். பிறகு உலர்த்தல். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வெயிலும் காற்றும்தான் அடுப்பு. ஆழமில்லாத அகலத் தொட்டிகளில் பரப்பி, ஓரளவு இறுகியதும் கட்டி கட்டியாக வெட்டி, வெளியில் அடுக்கி, மழை வந்தால் வைக்கோல் வேய்ந்த தட்டிகளால் மூடுவார்கள். ஆண்டில் பாதி நாள் மழை பெய்யும் நாட்டில் இதை எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்தில் தொட்டியில் விட்ட களிமண் காய்ந்து கைக்கு வரக் கோடை ஆகிவிடும். காய்ந்த கட்டிகளில் ஒட்டிய மணலையும் பாசியையும் சுரண்டி எடுத்தது பெண்கள். வெள்ளை மேலாடை கட்டி, திறந்தவெளியில் மேசையருகே நின்று, கட்டி கட்டியாகச் சுரண்டியிருக்கிறார்கள். அவர்கள் நின்ற இடத்தைக் காட்ட ஒரு கல்கூட இல்லை. இந்தத் தொழிலின் தொல்லியலில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். ஆண்கள் கட்டிய சுவர் நிற்கிறது. பெண்களின் உழைப்பு சரக்கோடு வண்டியேறிப் போய்விட்டது.

1850-க்குச் சற்று முன்பின்னாக உலர்த்துச் சூளை வந்தது. நீளமான கட்டடம், ஒரு கோடியில் நிலக்கரி அடுப்பு, மறுகோடியில் புகைபோக்கி. அடுப்பின் அனல் தரைக்கடியில் உள்ள சுரங்கப் பாதைகள் வழியாக முழு நீளமும் ஓடிப் புகைபோக்கியில் ஏறும். தரை முழுவதும் சுட்ட மண் ஓடுகள், ஏறத்தாழ ஒன்றரை அடிச் சதுரம். அந்த ஓடுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அடுப்புப் பக்கம் கனமாக இருக்கும். புகைபோக்கியை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். அனல் அதிகமான இடத்தில் களிமண் கருகாமலும், குறைந்த இடத்தில் கொஞ்சநஞ்சச் சூடும் வீணாகாமலும் இருக்க அப்படிச் செய்தார்கள். ஓட்டின் மண்ணே நுண்துளை கொண்டது, ஈரத்தை உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். அப்படியும் அடுப்புப் பக்கம் ஒரு நாளில் காய்ந்தது மறுகோடியில் காய நாலைந்து நாள் ஆகும். காய்ந்ததைப் பக்கத்திலேயே தாழ்வாகக் கட்டிய கிடங்கில் தள்ளிவிடுவார்கள். சூளையின் ஒரு பக்கம் தொட்டிகளை ஒட்டி உயரத்திலும், மறுபக்கம் வண்டி நிற்கும் மட்டத்துக்குத் தாழ்வாகவும் இருப்பது இதற்காகத்தான். இங்கும் சரிவுதான் சுமைகூலியை மிச்சப்படுத்தியது.

இப்போது ரெட்லேக்குக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே சூளையே இல்லை. தென் மூரின் நட்ட நடுவில், பீட் எனப்படும் கருஞ்சேற்று மண்ணுக்கடியில், நல்ல களிமண் இருந்தது. உலர்த்த நிலக்கரி வேண்டும். காய்ந்த சரக்கைக் கொண்டுபோக ரயில் வேண்டும். இரண்டும் பல மைல் கீழே பிட்டஃபோர்டு ஊரருகே இருந்தன. நிலக்கரியை மேலே சுமந்து களிமண்ணைக் கீழே சுமப்பதைவிட, களிமண்ணைப் பாலாகவே கீழே அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். குழியிலிருந்து ஏற்றிய பாலை கிரீன்ஹில்லில் மணலும் காக்காப்பொன்னும் நீக்கித் தெளிவித்து, குழாயில் விட்டார்கள். மூர் முழுக்கக் குழாய். ஓட்டியது ஈர்ப்பு விசை மட்டும். பிட்டஃபோர்டு பக்கம் காண்ட்ரெல் என்ற இடத்தில் தொட்டியும் சூளையும் வைத்து உலர்த்தி, அங்கேயே ரயிலேற்றினார்கள்.

அப்படியானால் பிட்டஃபோர்டிலிருந்து ரெட்லேக் வரை ஏறத்தாழ 8 மைலுக்கு, மூன்றடி அகலத் தண்டவாளம் போட்டு ஒரு குட்டி ரயில்பாதை எதற்கு? ஆட்களுக்கும், பம்பு இயந்திரத்துக்கான நிலக்கரிக்கும், சாமான்களுக்கும். இந்த ரயில் களிமண் சுமக்கவில்லை என்பதைக் கேட்டதும் பலர் நம்ப மாட்டார்கள். வாரம் தொடங்கும்போது தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போகும். வார நாட்களில் அங்கேயே தங்கும் கொட்டகையில் படுத்து எழுந்து வேலை செய்வார்கள். வாரக் கடைசியில் இறங்கி வீட்டுக்கு வருவார்கள். வழியில் லெஃப்ட்லேக் என்ற இடத்தில் 1850-களில் தொடங்கிக் கைவிடப்பட்ட பழைய குழி ஒன்று இருந்தது. 1920-களில் அதையும் மறுபடி திறந்தார்கள். போர்க்காலம், கடன், கைமாற்றம் எல்லாம் கடந்து 1932-இல் கதை முடிந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். பாதை மட்டும் நின்றது. சரிவுகளின் இடுப்பில் வளைந்து வளைந்து சீராக ஏறும் அந்தப் பாதையில்தான் இன்று 'டூ மூர்ஸ் வே' என்ற நெடுநடைப் பாதை போகிறது.

குழாயைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மூரின் தென்மேற்கு ஓரத்துக்குப் போக வேண்டும். காடோவர் பாலத்திலிருந்து ஷா பாலம் வரை, பிளிம் ஆற்றங்கரைக் காட்டுக்குள் ஒரு நடைபாதை இருக்கிறது. சுட்ட மண் குழாய்கள் வேர்களுக்கு நடுவே முதுகு காட்டிக்கொண்டு கிடக்கும், சில உடைந்து வாய் திறந்திருக்கும். மேலே கரைத்த களிமண் அதன் வழியாக இறங்கி, ஷா பாலத்தருகே உள்ள சூளைக்குப் போனது. அந்தச் சூளையின் இடிந்த சுவர்கள் இன்று வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நிற்கின்றன. வருகிறவர்கள் அதன் நிழலில் வண்டியை விட்டுவிட்டு மலையேறப் போகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த களிமண் எங்கே போனது? பீங்கானுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். தொடக்கம் அதுதான். சீனாவில் ஜிங்தெஜனில் பீங்கான் செய்யும் முறையைப் பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712-இலும் 1722-இலும் கடிதங்களாக எழுதி அனுப்பினார். பிளிமத்தில் மருந்து வணிகம் செய்த வில்லியம் குக்வொர்தி பீங்கான் மண்ணைத் தேடி அலைந்து, 1740-களின் நடுவில் கார்ன்வாலின் ட்ரெகோனிங் குன்றில் அதைக் கண்டுகொண்டார். 1768-இல் காப்புரிமை வாங்கிப் பீங்கான் ஆலையும் தொடங்கினார். ஆலை நீடிக்கவில்லை, ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு 19-ஆம் நூற்றாண்டில் காகித ஆலைகள் வந்தன. காகிதத்தின் இழைகளுக்கு நடுவே நிரப்பவும், மேலே வழவழப்பாகப் பூசவும் களிமண்ணை டன் டன்னாக வாங்கின. கோப்பைக்குப் போனதைவிடப் புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் போனது அதிகம்.

மூன்றாவது வாடிக்கை நம்மோடு தொடர்புள்ளது. பாவுநூலுக்குக் கஞ்சி போடுவது நம் நெசவாளருக்குத் தெரிந்த வேலை. லங்காஷயர் ஆலைகள் கஞ்சியோடு சீனக் களிமண்ணைச் சேர்த்தன. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு கிடைக்காமல் போனபோது இந்தப் பழக்கம் வெறியாகவே மாறியது. நூலைக் குறைத்து, மாவும் கொழுப்பும் களிமண்ணும் ஏற்றி, எடையும் கனமும் காட்டினார்கள். அந்த மலிவுத் துணியில் பெரும்பகுதி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பலேறியது. வழியிலேயே பூஞ்சை பிடித்த மூட்டைகளைப் பற்றி வணிகர்கள் புகார் செய்தார்கள். வாங்கியவர் ஒரு தடவை துவைத்ததும் துணி கரைந்து வலையாகிவிடும். உள்ளூரிலும் கேடுதான். 1872-இல் டோட்மார்டன் நெசவாளர்கள் களிமண் தூசியால் மூச்சுத் திணறுவதாக அரசிடம் முறையிட்டார்கள். மருத்துவர் புக்கானன் நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். டெவன், கார்ன்வால் குழிகளில் கரைத்த மண்ணின் ஒரு பகுதி இப்படி நம் பாட்டன் பாட்டிமார் உடுத்திய வேட்டி சேலையிலும் வந்து சேர்ந்தது. அதன் மறுபக்கம், நம் கைத்தறிகளுக்கு என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும்.

குழியில் நின்றவர்களுக்கும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 1913 கோடையில் கார்ன்வால் களிமண் தொழிலாளர்கள் வாரக்கூலி 25 ஷில்லிங் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வேல்ஸிலிருந்து போலீசை இறக்கி அடித்தார்கள். தொழிலாளர்கள் அக்டோபரில் வெறுங்கையோடு வேலைக்குத் திரும்பினார்கள். கூலி சில மாதம் கழித்துத்தான் உயர்ந்தது.

இனி தொல்லியலுக்கு வருகிறேன். களிமண் தொழில் பழஞ்சின்னங்களின் நண்பன் இல்லை, இதை மறைக்கக் கூடாது. ஒரு டன் களிமண்ணுக்குப் பல டன் கழிவு; அதைக் கொட்ட இடம் வேண்டும். டார்ட்மூர் ஓரத்தில் லீ மூர் களிமண் வேலை 1830-களிலிருந்து இன்றுவரை நடக்கிறது. அதன் கழிவுக்காகப் பக்கத்து ஷா மூரைக் குறிவைத்தபோது, 1976-இலிருந்து 1980 வரை அங்கே அகழாய்வு நடத்தினார்கள். வெண்கலக் கால வட்ட வீடுகள் கொண்ட ஒரு சுற்றுச்சுவர் வெளிப்பட்டது. நில எல்லையாக ஓடிய நீண்ட கற்சுவர் ஒன்றின் ஓரப் பள்ளத்தில், சேறு மூடிப் பாதுகாத்த குளம்படிகள் கிடைத்தன. மாடு, ஆடு, குதிரை நடந்த தடங்கள், 3,000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. களிமண் வேலை அந்த அகழாய்வுக்குக் காரணமாகவும் இருந்தது, அந்த நிலத்துக்கு ஆபத்தாகவும் இருந்தது. 2001-இல் களிமண் நிறுவனங்கள் பூங்காவுக்குள் தங்களுக்கிருந்த பழைய அனுமதிகளில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தன.

இந்த ஆபத்தால்தான் பழஞ்சின்ன ஆர்வலர்கள் பலருக்குக் களிமண் என்றாலே கசப்பு. எனக்கு அந்தக் கசப்பு புரிகிறது. அதற்காக ரெட்லேக் தொட்டியைக் கல்வரிசையின் எதிரியாகப் பார்க்க மாட்டேன். ஒரே குன்றில், ஒரே கருங்கல்லை, வெவ்வேறு காலத்து மக்கள் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர் எதற்காக நட்டார் என்று நமக்குத் தெரியவே போவதில்லை. மற்றவர் எதற்காக அடுக்கினார் என்று தக்கைத் துளை வரை சொல்ல முடிகிறது. தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொள்ளாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

கார்ன்வாலின் போட்மின் மூரில் இதை முறையாகச் செய்தார்கள். மூரின் தொல்லியல் கணக்கெடுப்பு இரண்டு தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதி 1994-இல், முன்வரலாறும் இடைக்காலமும். இரண்டாவது 2008-இல், தொழில் நிலங்கள். வெள்ளீயம், கல், பீட் ஆகியவற்றோடு களிமண்ணுக்கும் அதில் உரிய இடம் உண்டு. குழி, வாய்க்கால், தொட்டி, சூளை எல்லாவற்றையும் அளந்து வரைந்து பதிந்திருக்கிறார்கள். எல்லா மூருக்கும் இது வேண்டும். இந்த இடிபாடுகள் வேகமாகக் குறைந்து வருகின்றன என்பதே காரணம். கூம்பு மேடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் வேல்ஸில் அபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். அதற்குப் பின் கூம்பாகக் கொட்டுவதையே நிறுத்தினார்கள். செயின்ட் ஆஸ்டல் பக்கம் பழைய கூம்புகள் பலவற்றையும் வெட்டித் தட்டையாக்கினார்கள். உயிர் முக்கியம், அதில் வாதமில்லை. கட்டுமானத்துக்கு மணலாக விற்கவும் மேடுகளைக் கரைக்கிறார்கள், அதைத் தடுக்கலாம். குழிகளுக்கு வேறு எதிர்காலம். போட்மின் மூரில் ஸ்டானன், பார்க் இரண்டும் குடிநீர்த் தேக்கங்கள் ஆகிவிட்டன. போடெல்வா குழியில் 2001-இல் ஈடன் பூங்கா திறந்தது. குழி இப்படிப் பிழைத்துக்கொள்ளும். பக்கத்துச் சரிவில் யாருக்கும் உதவாத காக்காப்பொன் கால்வாய்கள்தான் முதலில் அழியும். பிரித்தெடுக்கும் அறிவு முழுதும் அந்தக் கால்வாய்களில்தான் இருக்கிறது, காக்க வேண்டியது முதலில் அவற்றைத்தான்.

நேரில் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஐவிபிரிட்ஜ் ஊரிலிருந்து மேலேறிப் பழைய ரயில்பாதையைப் பிடித்தால், முதலில் லெஃப்ட்லேக் குளமும் அதன் பக்கத்துக் கற்பாலமும், பிறகு ரெட்லேக் கூம்பும் வரும். போக வர நாள் முழுக்க வேண்டும். மூரில் பனிமூட்டம் சொல்லாமல் வரும், வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். வரைபடத்தில் 'கைவிடப்பட்ட சீனக் களிமண் வேலை' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். குளத்தில் இறங்காதீர்கள், கரை செங்குத்து, தண்ணீர் கடும் குளிர். கூம்பின் மேல் ஏறி மணலைச் சரிக்கவும் வேண்டாம். கீழேயே நின்று, குழியிலிருந்து ஏற்றிய பாலை எந்தப் பக்கம் விட்டிருப்பார்கள் என்று சரிவைப் பார்த்துக் கேளுங்கள். பதில் கிரீன்ஹில் பக்கம் இருக்கிறது. நீங்கள் நின்று பார்க்க வேண்டிய தொட்டிகளும் அங்கேதான். கல்வரிசையின் கடைசிக் கல்லும் அங்கேதான்.